மாருத்தின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள்

அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட போர் விமானம் இனி அப்படியேதான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இருப்பதில்லை. வெட்டவெளியில் நிற்கும் விமானத்தின் கேனோபி, அதாவது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி, வெயிலில் மங்கிப்போகிறது. டயர் அமுங்குகிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது வந்து மேலே பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள். ‘இங்கே மிதிக்காதே’, ‘ஜாக்கி வைக்கும் இடம்’ என்று ஒரு காலத்தில் அச்சடித்து வைத்த சின்னச் சின்ன எழுத்துகள் அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் காணாமல் போகின்றன. சில நேரம் வால் எண்ணே மாறிவிடுகிறது. அதனால்தான் இந்த விமானங்களைப் படம் எடுப்பதை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன். அழகான படம் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் இன்றைக்கு அது எப்படி நின்றது என்பதற்கு ஒரு பதிவு வேண்டும். அந்த விமானத்தில் கை வைத்து வேலை பார்த்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதை அவர்களிடம் காட்டிவிடவும் வேண்டும்.

காட்டுவதற்கு நீலகிரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் மலையில் ஓடுபாதை கிடையாது, ஹெலிகாப்டர் இறங்கும் இடங்கள்தான் உண்டு. ஆனால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது, முப்படை அதிகாரிகளும் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. சூலூர் விமானப்படைத் தளம் மலைக்குக் கீழேதான். குன்னூர், அருவங்காடு, கோத்தகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் ஓய்வு பெற்ற படைக்காரர் ஒருவராவது ரோஜாச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பார். பேச ஆரம்பித்தால் ஜோத்பூர், ஹல்வாரா, தேஜ்பூர் என்று ஊர்ப் பெயர்கள் வரும்.

படம் எடுக்கும் பழக்கத்துக்கும் இந்த மலைதான் காரணம். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம், 1967-இல் உற்பத்திக்கு வந்தது. குளிர்ந்த, தூசி குறைந்த காற்று வேண்டும் என்றுதான் ஃபிலிம் தொழிற்சாலைக்கு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் சித்தப்பா அங்கே வேலை பார்த்தார். எங்கள் வீட்டு முதல் கேமராவுக்குள் போனது அங்கே தயாரான ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள்தான். இன்று தொழிற்சாலை இல்லை. ஊட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே அந்தக் கட்டடங்களைத் தேடிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

சரி, விமானத்தைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்த மாமாவுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் மேட்டு வீட்டில் இருக்கிறார். உறவில்லை, பழக்கத்தில் மாமா. விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர். எழுபதுகளின் கடைசியில் ஜோத்பூரில், மாருத் என்ற போர் விமானம் ஓட்டிய ஸ்குவாட்ரனில் (விமானப்படைப் பிரிவில்) இருந்தார், அப்புறம் கிரண் பயிற்சி விமானத்துக்கு மாறினார். பெங்களூரில் ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமானத் தொழிற்சாலையின் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்து லேப்டாப்பில் மாருத் படங்களைக் காட்டினேன். மூக்கு, முக்கால் பக்கத் தோற்றம், காக்பிட், எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: “பின்னாடி போய் எடுத்தது எங்க கண்ணு? குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தியா? எஞ்சின் இருக்கா, எடுத்துட்டாங்களா?”

அந்தக் கேள்விதான் நான் விமானத்தைச் சுற்றி நடக்கும் விதத்தையே மாற்றியது.

மாருத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் வடிவமைத்து, கட்டி, போருக்கும் அனுப்பிய முதல் ஜெட் போர் விமானம் இது. வடிவமைப்பு கர்ட் டேங்க் குழுவினுடையது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர் அவர். 1961 ஜூன் 17-ஆம் தேதி பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். 1970-இல் இன்னொரு மாருத்தின் சோதனை ஓட்டத்தில்தான் அவர் உயிரிழந்தார். ஹெச்ஏஎல் பக்கம் போகிறவர்கள் கடக்கும் சுரஞ்சன் தாஸ் சாலை அவர் பெயரில் உள்ளதுதான். ஆட்டோவில் அந்த வழியாகப் போனால் பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமானப் படத்தோடு அதுவும் சேர வேண்டிய படம்.

மாருத்தின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நீளமான, மெலிந்த உடம்பு. மூக்கின் இரண்டு பக்கமும் பைலட்டின் காலுக்குக் கீழே துப்பாக்கித் துளைகள் இருக்கும், மொத்தம் நான்கு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள். காற்று உள்ளே போகும் வாயில் பாதி கூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் உடம்பு லேசாக இடுப்பு ஒடுங்கி, பிறகு மறுபடி விரியும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடையைக் குறைக்கச் செய்த அமைப்பு அது. முன்னால் நின்று எடுத்த படத்தில் இந்த இடுப்பு தெரியவே தெரியாது. பின்னால் போய், ஓரமாக, கேமராவைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தால்தான் அகப்படும். அங்கேதான் இரண்டு எஞ்சின் குழாய்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

மாருத்தின் சோகக் கதையும் அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது. டேங்க் மனத்தில் வைத்திருந்தது ஆஃப்டர்பர்னர் (பின்குழாயில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) பொருத்திய, இன்னும் பலமான ஆர்ஃபியஸ் 12 எஞ்சின். பிரிட்டனில் அந்த எஞ்சின் வேலையைக் கைவிட்டுவிட்டார்கள். வேறு எஞ்சின்கள் தேடி, எகிப்து வரைக்கும் போயும் சரிவரவில்லை. கடைசியில் ஆஃப்டர்பர்னர் இல்லாத இரண்டு ஆர்ஃபியஸ் 703-உடன்தான் மாருத் தன் காலம் முழுக்கப் பறந்தது. ஒலியைத் தாண்டுவதற்காக வரைந்த உடம்பு, நேர்மட்டப் பறத்தலில் ஒலியைத் தாண்டாமலே ஓய்வு பெற்றது. “எஞ்சின் மேல குத்தம் சொல்லாத கண்ணு. ஆர்ஃபியஸ் தங்கமான எஞ்சின். அந்த உடம்புக்கு அது பத்தல, அவ்வளவுதான்” என்பார் மாமா. 1971 போரில் தரைச் சுடுதலில் ஒரு எஞ்சினை இழந்தும் மாருத்கள் இன்னொன்றை வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கின்றன. டிசம்பர் 7-ஆம் தேதி கே. கே. பக்ஷி ஒரு பாகிஸ்தானிய சேபர் ஜெட் போர் விமானத்தை மாருத்திலிருந்து சுட்டு வீழ்த்தினார். மாமா படையில் சேருவதற்கு முந்தைய போர் என்றாலும், ஸ்குவாட்ரனில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நேரில் பார்த்ததுபோலவே மாமா சொல்வார்.

அடுத்த முறை பெங்களூர் போனபோது சின்ன டார்ச் கொண்டுபோய், குழாயின் உள்ளே வெளிச்சம் காட்டி, இடது வலது என்று தனித்தனியாக எடுத்தேன். படத்தைப் பார்த்ததும் மாமா ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் குனிந்தார். குழாய் விளிம்பில் ஒரு வளையத்தின் மேல் விரலை வைத்து, “இங்கதான் கை சுட்டுக்குவோம். ஜோத்பூர் வெயில்ல ஃப்ளைட் வந்து நின்ன அஞ்சு நிமிஷத்துல தொடணும், அடுத்த சார்ட்டிக்கு ரெடி பண்ணணும்” என்றார். அத்தை டீயும் வர்க்கியும் வைத்துவிட்டுப் போனதை இருவருமே கவனிக்கவில்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை எண்ணி வைத்த கதை வந்தது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது கிடைக்கிற வரைக்கும் விமானம் நகராது. ஃபார்ம் 700 என்ற விமானப் பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்து போடும்போது ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஓடும் பயத்தையும் சொன்னார். எந்த அருங்காட்சியகப் பலகையிலும் இதெல்லாம் இருக்காது.

அதன்பின் நான் எடுக்கும் முறை மாமா சொல்லிக் கொடுத்தது. விமானம் கிளம்பும் முன் சுற்றி நடந்து சோதிப்பார்களே, அதே நடை. மூக்கில் தொடங்கி ஒரே திசையில் ஒரு முழுச் சுற்று. காற்று நுழையும் வாய், முன்சக்கரக் குழி, இறக்கை முனை, அடிப்பக்கம், பிரதான சக்கரக் குழி, வால், எஞ்சின் குழாய், மறுபக்கம். முதல் படம் வால் எண், இரண்டாவது படம் தகவல் பலகை. இறக்கைக்கு அடியிலும் எண் எழுதியிருப்பார்கள், அதையும் விடக்கூடாது. உடம்பில் ஒரு எண்ணும் இறக்கையில் இன்னொன்றும் இருந்தால் இரண்டு விமானங்களைச் சேர்த்து ஒன்றாக்கி நிறுத்தியிருக்கலாம். இந்த வரிசையில் எடுத்தால் ஆல்பம் பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பழைய ஃபிட்டர் கையில் கொடுத்தால் அவர் அதில் அப்படியே நடந்துபோவார்.

மாமாவின் ஆர்ஃபியஸைத் தேடிக்கொண்டு போவதே ஒரு நல்ல பயணத் திட்டம். அதே குடும்பத்து எஞ்சின்தான் நேட் என்ற குட்டிப் போர் விமானத்துக்குள்ளும் இருந்தது. நேட்டின் இறக்கை விரிவு 7 மீட்டர்கூடக் கிடையாது. டெல்லியில் பாலம் என்ற இடத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அதன் பக்கத்தில் நின்றால், இதற்குள் ஏறி உட்கார்ந்துதான் 1965-இல் சேபர்களோடு மோதினார்களா என்று மலைப்பாக இருக்கும். நேட்டில் பார்க்க வேண்டிய இடம் சக்கரக் கால். காலோடு ஒட்டிய கதவுகளைப் பாருங்கள். காலைப் பாதி இறக்கி, அந்தக் கதவுகளையே வேகத்தடையாக வைத்துக்கொண்டு பறப்பார்கள். தனியாக ஒரு ஏர்பிரேக் வைக்க இடமும் எடையும் மிச்சம். தரையில் கிட்டத்தட்ட உட்கார்ந்துதான் அந்தப் படத்தை எடுக்க முடியும். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகரைக் காக்க நேட்டில் எழும்பி, தனியாகப் போராடி உயிரைக் கொடுத்த நிர்மல்ஜித் சிங் சேகோன் 18-ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர்தான். அந்த ஸ்குவாட்ரன் 2020 மே மாதத்தில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது எங்கள் மலையடிவாரத்துச் சூலூரில். மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கிக் கோவை போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பாலத்தில் இன்னும் நிறைய இருக்கிறது. வாபிட்டி, லைசாண்டர், ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், ஜப்பானியரின் ஓகா தற்கொலை விமானம்கூட. ஆனால் என்னை நிறுத்தி வைப்பது லிபரேட்டர். உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் இந்தக் குண்டுவீச்சு விமானங்களை, யாருக்கும் பயன்படக்கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். ஹெச்ஏஎல் ஆட்கள் அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒட்டுப்போட்டு, பறக்க முடிகிற நிலைக்குக் கொண்டுவந்து பெங்களூருக்கு ஓட்டிப்போய் முழுதாகச் சரிசெய்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள். 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன. இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் சில இங்கிருந்து போனவைதான். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளில் எது அமெரிக்கத் தொழிற்சாலையில் அடித்தது, எது பெங்களூரில் அடித்தது என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை. அதற்காகவே தகடுகள் சேரும் இடங்களை நெருக்கமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஹேங்கருக்குள் வெளிச்சம் குறைவாக இருக்கும், ட்ரைபாடைப் பல இடங்களில் விடமாட்டார்கள். தடுப்புக் கம்பியில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து எடுக்க வேண்டியதுதான். வைட் லென்ஸ் வைத்து மூக்குக்குப் பக்கத்தில் நின்றால் மூக்கு வீங்கி, வால் சூம்பிப் போய்விடும். முடிந்தவரை பின்னால் நகர்ந்து 35 அல்லது 50 மில்லிமீட்டரில் எடுப்பது விமானத்துக்குச் செய்யும் மரியாதை. வெளியே நிற்பவற்றுக்கு மேகமூட்டமான நாள்தான் தங்கம். நிழல் கறுக்காது, அடிவயிற்றில் உள்ள எழுத்துகள்கூடத் தெளிவாக விழும். குன்னூரில் பாதி வருடம் இந்த வெளிச்சத்தில்தான் வாழ்கிறோம் என்பதால், கீழே சமவெளியில் சுள்ளென்ற வெயிலைப் பார்த்தால் எனக்குக் கை ஓடாது. லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை: பெயின்ட்டின் பளபளப்பைக் குறைக்க நல்லது, ஆனால் நீல வானத்துக்குக் கீழே கேனோபி வழியாக எடுத்தால் பிளாஸ்டிக்குக்குள் வானவில் பட்டைகள் கிளம்பும். வளைத்து வார்க்கும்போது அதற்குள் தங்கிப்போன இறுக்கம் அது. நான் அதை மறைக்காமல் ஒரு படம் கூடுதலாகவே எடுப்பேன். அந்தக் கண்ணாடியை எப்படி வார்த்தார்கள் என்பது அதில் கொஞ்சம் தெரிகிறது.

ஊருக்குத் திரும்பிவிட்டால் லென்ஸைக் காப்பது தனி வேலை. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர்ப் பக்கம் மழை பிடித்தால் அலமாரிச் செருப்பிலேயே பூஞ்சை படரும், லென்ஸ் எம்மாத்திரம். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடுவது. மலையில் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கடற்படை விமானங்களுக்குக் கோவா போக வேண்டும். டபோலிம் பக்கத்தில், போக்மாலோ போகிற வழியில், 1998-இல் திறந்த அருங்காட்சியகம். விக்ராந்த் கப்பலிலிருந்து 1971-இல் கிளம்பிய வகை சீ ஹாக், அலிசே இரண்டும் இருக்கின்றன. மூன்று வால்களோடு வளைந்த மீன் உடம்புகொண்ட சூப்பர் கான்ஸ்டலேஷனும் நிற்கிறது. ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றி, விமானப்படைக்குப் போய், கடைசியில் கடற்படையின் 312 ஸ்குவாட்ரனில் கடலைக் கண்காணித்தது. அதே 312 பின்னால் டியு-142 என்ற ராட்சத ரஷ்ய விமானத்துக்கு மாறி, அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறந்தது. 2017 மார்ச் 29-ஆம் தேதி அரக்கோணத்தில் அதற்கு விடை கொடுத்தார்கள். ஒன்றை விசாகப்பட்டினத்துக் கடற்கரைச் சாலையில் நிறுத்தி அதே வருட டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். உள்ளேயே ஏறி நடக்கலாம். ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர்கள், அதன் கீழே நின்று நேர்மேலே பார்த்து எடுங்கள். கடல் காற்று அலுமினியத்தை என்ன செய்யும் என்பதற்குக் கோவாவும் விசாகப்பட்டினமும் சாட்சி. ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளையாகப் பொரியும் இடங்களை நான் தவறாமல் எடுத்து, தேதி போட்டு வைக்கிறேன்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று. வெலிங்டன் கண்டோன்மெண்டில் எதையாவது பார்த்துவிட்டு ஃபோனைத் தூக்காதீர்கள். சூலூர் மதில் ஓரம் நின்று லென்ஸை நீட்டாதீர்கள். படம் எடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தால் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். நம்மை நம்பி உள்ளே விடும் அருங்காட்சியகங்கள் நாட்டில் போதுமான அளவு இருக்கின்றன.

இந்த மலையில் விமானம் பற்றிப் பேசிக்கொண்டு, குன்னூர் பக்கத்துக் காட்டேரி என்ற ஊரில் நடந்ததைப் பேசாமல் இருக்க முடியாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கி வந்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசை, மட்டம் பிடிபடாமல் போனது என்று விசாரணையில் சொன்னார்கள். போர்வையும் தண்ணீர்க் குடமும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் அந்தக் கிராமத்து மக்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் மேகம் அது. அதற்குப் பிறகு பாலத்தில் நிற்கும் பழைய எம்ஐ-4 ஹெலிகாப்டரின் முன்னால் நான் கேமராவை எடுக்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன். மாமாவும் அந்தப் படங்கள் வரும்போது வேகமாகத் தள்ளச் சொல்வார்.

ஆர்ஃபியஸ் கதையில் இன்னும் ஒன்று பாக்கி. பாக்கெட் என்று கூப்பிடும் சி-119 சரக்கு விமானம். 1962 ஜூலையில் லடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், 16,000 அடிக்கும் மேல், இறங்கிய விமானம் அது. அந்த உயரத்துக் காற்றில் சொந்த எஞ்சின்கள் மட்டும் போதாமல், முதுகின் மேல் ஒரு ஜெட் எஞ்சினைத் தனியாக ஏற்றினார்கள். பிற்பாடு அங்கே உட்கார்ந்தது நம் ஆர்ஃபியஸ்தான். பாலத்தில் பாக்கெட்டின் முதுகை எடுப்பது கடினம். தள்ளி நின்று, டெலி லென்ஸில்தான் அந்த மேல்கூடு கிடைத்தது. மாமா அந்த வேலை பார்த்ததில்லை. “கோத்தகிரில நம்ம சீனியர் ஒருத்தர் இருக்காரு கண்ணு. பாக்கெட்ல இருந்தவரு, சண்டிகர்ல. வயசாச்சு, காது கொஞ்சம் மந்தம். படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போ, ஸ்கிரீன் அவருக்கு ஆகாது” என்றார். மேல்கூட்டின் நான்கு படங்களை ஏ3 அளவில் போடக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மாமாவும் வருகிறார். கேள்விகளை அவரே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வி, அந்த ஜெட்டை எந்த உயரத்தில் ஸ்டார்ட் செய்வார்கள் என்பது.